மலையைப் பார்த்த வீடு

விஸ்வநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கூடத்தின் மேற்குச் சுவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். சுவர் என்று ஒன்று அங்கே இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. அதற்கு அப்பால் குற்றாலத்து மலையும், நேற்றைய மழையில் விழத் தொடங்கியிருந்த அருவியும். அலிமா ஓரமாக நின்றாள். வீடு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வாயடைத்துப்போவதை எட்டு மாதமாகப் பார்க்கிறாள். பிறகு அவர்கள் கூப்பிடுவதில்லை.

இந்த வீடு அவள் கணவர் துல்கர்னைனின் ஆசை. ஷார்ஜாவில் ஜன்னலே இல்லாத அறையில் நான்கு பேரோடு படுத்தெழுந்தவர், கொச்சியிலிருந்து ஆர்க்கிடெக்டை வரவழைத்து, எங்கே உட்கார்ந்தாலும் மலை தெரிய வேண்டும் என்று சொல்லிக் கட்டியது. வருஷத்தில் நாற்பது நாள் அவர் மலையைப் பார்த்தார். மற்ற நாளெல்லாம் அலிமா பார்த்தாள். தென்காசியில் அவள் பிறந்த தெருவில் பக்கத்து வீட்டார் இருமினால் கேட்கும். இங்கே காற்றுதான். மகள் ஆஷிகாவும் கோயம்புத்தூரில் விடுதிக்குப் போன பிறகு, பால்காரர் போய்விட்டால் வாயைத் திறக்க வேலையில்லை. ஒருநாள் சாயங்காலம் துல்கர்னைன் போனில் அழைத்தபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார். விற்றுவிடுவோம் மச்சான் என்று அன்றைக்குத்தான் அழுதாள். அவர் சம்மதிக்க இரண்டு வருஷம் ஆனது.

"வித்யா, நமக்கு இதுதான். இனிமே வேற எங்கயும் பாக்க வேண்டாம்" என்றார் விஸ்வநாதன். சிவகிரிக்காரர், சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொன்ன கையோடு மாடிப்படி ஏறினார். அவர் மனைவி ஸ்ரீவித்யா ஏறவில்லை. அலிமாவின் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள்.

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"கீழ ஒரு வீடு இருக்குக்கா. லீவுக்கு வருவாங்க."

"நீங்க ஏன் விக்கறீங்க?"

மகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போகிறோம் என்ற பதில் அலிமாவிடம் தயாராக இருந்தது. முன்னால் வந்தவர்களிடம் அதைத்தான் சொன்னாள். அந்தம்மாவின் விரல்கள் கைப்பையின் பட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"பேச ஆள் இல்லக்கா" என்றாள். "மலை அழகாத்தான் இருக்கு. பாத்தா யார்ட்டயாவது சொல்லணும்போல இருக்கும்லா."

டீக்கு வைத்திருந்த பால் பொங்கியது. அலிமா அடுப்பைத் தணித்தாள்.

"அவருக்குப் பேப்பர் போதும்" என்றாள் ஸ்ரீவித்யா. "நாள் பூரா ஒரு வார்த்தை பேசமாட்டார்."

மாடியில் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் நின்றபடியே டீ குடித்தார்கள். முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது, மீனை ஊரில் எங்கே வாங்குவது, பிள்ளைகள் எத்தனை நாளைக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள் என்று பேசினார்கள். அலிமா இரண்டு தடவை சிரித்தாள்.

போகும்போது வாசலில், காருக்குப் பக்கத்தில், ஸ்ரீவித்யா தணிந்த குரலில் சொன்னது அலிமாவுக்குக் கேட்டது: "வேண்டாங்க." விஸ்வநாதன் திரும்பி வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கார்க் கதவை அறைந்து சாத்தினார்.

அடுப்படியில் போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்துதான், என்ன ஆனது என்று கேட்க. அலிமா அதை எடுக்காமல் கூடத்துக் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போனாள். வீட்டைச் சுற்றி மேற்கே இறங்கிய கார், வளைவில் நின்றது. ஸ்ரீவித்யா இறங்கி அண்ணாந்து பார்த்தாள். பகலில் கீழேயிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் மலையும் மேகமும்தான் தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவள் பொதுவாகக் கையசைத்தாள். அலிமாவும் கையை உயர்த்தினாள். கார் போன பிறகும் இறக்கவில்லை.