ஏரிக்குக் குறுக்கே

அம்மா பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அவளுடைய முழங்கால்கள் இரண்டும் கூடிப் பேசிக்கொண்டதுபோல வேலைநிறுத்தத்தில் இறங்கின. படி ஏறினால் வலி. இறங்கினால் அதைவிட வலி. மருத்துவர் நீந்தச் சொன்னார். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், முட்டியில் பாரம் விழாது என்றார். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அத்தனை வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்து நகரத்தையே சுற்றியவளுக்கு, பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத இடத்தில் இறங்குவது பெரிய தலைகுனிவாகத் தோன்றியது. ஆனால் வலி யாருடைய கௌரவத்தைப் பார்த்தது?

மகள்தான் அழைத்துக்கொண்டு போனாள். அவள் பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் குனிந்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ஈறின் நிறம் சரியா என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முப்பத்தைந்து வயதிலேயே கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் முழு உடம்பும் சேர்ந்து திரும்பும். ஆனாலும் நீச்சல் குளத்தில் அவள் இறங்கவில்லை. அம்மாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

குளத்துப் பயிற்சியாளரை எல்லோரும் விசில் என்றுதான் சொல்வார்கள். தொண்டையைத் திறப்பதற்கு முன் விசிலை ஊதிவிடுகிற பெண்மணி. ஒரு நாள் அவள் மகளிடம் வந்து, அந்தப் பெஞ்சு நனைந்தவர்களுக்கானது, நனையாதவர்கள் வெளியே போகலாம் என்றாள். கம்பியைப் பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற அம்மா சிரித்தாள்.

"இறங்கேன்டி. நான் மட்டும்தான் தண்ணி குடிக்கணுமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரே வகுப்பில், ஒரே மாதிரி மூக்கில் தண்ணீர் ஏறி, ஒரே மாதிரி இருமிக் கற்றுக்கொண்டார்கள். மகளுக்குக் கைவீச்சு சீக்கிரம் பிடிபட்டது. கை தண்ணீருக்குள் இறங்குகிற கோணத்தை விசில் ஒரு தடவை காட்டினால் போதும். ஆனால் இரண்டு சுற்றில் மூச்சு வாங்கும். அம்மாவுக்கு அழகெல்லாம் வரவில்லை. நெரிசலான சாலையில் வண்டியை நகர்த்துவதுபோல, அவசரமும் இல்லாமல், நிற்கவும் செய்யாமல் போய்க்கொண்டே இருப்பாள். மகள் கரையைப் பிடித்துத் தொங்கும்போதெல்லாம் அம்மா கடந்து போவாள். ஒரு சொல் சொல்ல மாட்டாள். ஆனால் அந்த முதுகிலேயே ஒரு பெருமை தெரியும்.

வருஷம் திரும்புவதற்குள் அம்மாவுக்குக் குளம் அலுத்துவிட்டது.

"டெப்போவுக்குள்ளயே பஸ்ஸைச் சுத்தற மாதிரி இருக்கு," என்றாள் ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே. "எங்கயாவது போய்ச் சேரணும்டி."

போய்ச் சேரும் இடத்தையும் அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். நகரத்துக்கு வெளியே இருந்த பெரிய ஏரியை ஆண்டுக்கு ஒரு முறை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடப்பார்கள். ஜோடியாகவும் போகலாம்; ஆனால் இருவரும் சேர்ந்தே கரையேற வேண்டும். அம்மா தன்னுடைய கடைசி வருஷங்களில் அந்த ஏரியைச் சுற்றிப்போகும் தடத்தில்தான் ஓட்டினாள். வளைவுகளில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம், குறுக்கே போனால் எவ்வளவு கிட்டே என்று நினைத்துக்கொள்வாளாம்.

அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு நகக்கண்ணில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். பிறகு, இரண்டு பேரும் ஒரேயடியாகத் தண்ணீரில் போய்விட்டால் தான் யாரோடு சண்டை போடுவது என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம்.

ஏரியில் முதல் நாள் மகளுக்கு ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் என்னவென்று உண்மையாகவே புரிந்தது. குளத்தில் கீழே நீலக் கோடு இருக்கும். இங்கே கரும்பச்சை, அதற்குக் கீழே என்ன என்று தெரியாது. கொஞ்ச தூரம் போனதுமே நெஞ்சு அடைத்தது. புரண்டு மல்லாந்து, வானத்தைப் பார்த்து வாயால் மூச்சு விட்டாள். அம்மா பயப்படாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து தானும் மல்லாந்து மிதந்தபடி, பிரேக் போட்டதில் மடியில் வந்து விழுந்த பயணியையே பிறகு கல்யாணம் செய்துகொண்ட கண்டக்டரின் கதையைச் சொன்னாள். கதை முடிவதற்குள் மகளுக்கு மூச்சு சீராகிவிட்டது. மறு வாரமும் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். ஒரு கட்டத்தில், அடி தெரியாததை மகள் மறந்தே போனாள்.

ஆனால் வேறொரு தகராறு முளைத்தது. அம்மாவுக்கு இடது கையில் பலம் அதிகம். கோடு இல்லாத தண்ணீரில் அவள் நேராகப் போவதாக நினைத்து வலப்பக்கமாகவே வளைந்து போனாள். ஒரு நாள் கூட வந்த விசில் கரையிலிருந்து பார்த்துவிட்டு, இனி வழி பார்ப்பது மகளின் வேலை, அம்மா அவள் பக்கத்திலேயே வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் ஓட்டிய வண்டி ஒரு நாளும் கோட்டைத் தாண்டியதில்லை என்று வீடு வரை சொல்லிக்கொண்டு வந்தாள். சரி என்று தலையாட்டினாளே தவிர, அது காதில் போட்டுக்கொண்ட தலையாட்டல் இல்லை.

போட்டி நாளன்று காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வழி காட்ட நெடுக ஆரஞ்சு மிதவைகளை விட்டிருந்தார்கள். ஆரஞ்சுத் தொப்பிகள் கூட்டமாகப் பாய்ந்தன. கால்களும் முழங்கைகளும் இடித்த முதல் நெரிசலில் அம்மா சர்வசாதாரணமாக வழி பிடித்துப் போனாள். மகள் அவள் கூடவே போனாள். மூச்செடுக்க முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அம்மாவின் முகம் எதிரே தெரியும். நடு ஏரி வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது.

பிறகு அம்மாவின் முகம் தெரியவில்லை. மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அக்கரையில் அவள் குறிவைத்து வந்த உயரமான தண்ணீர்த் தொட்டி நேர் எதிரே இருந்தது. அம்மாவோ வலப்பக்கமாக விலகி, மற்ற யாருமே இல்லாத தண்ணீரில், வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். தண்ணீருக்குள் இருக்கும் காதுக்கு எந்தக் குரல் கேட்கும்? துரத்திப்போய்க் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள்.

அம்மா கோபமாகத் திரும்பினாள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இருக்கிற இடத்திலேயே காலை அடித்துக்கொண்டு முறைத்தாள்.

"எதுக்குடி பிடிச்சு இழுக்கற? மிதவை அதோ தெரியுது பாரு."

"அது மிதவை இல்லம்மா."

"இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவளுக்கு நீ வழி சொல்றியா?"

"ஆமா, சொல்றேன். நல்லாப் பாரும்மா. அது நகருது."

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அவள் குறிவைத்து நீந்திய ஆரஞ்சு நிறம் மெதுவாக அரைவட்டம் அடித்துத் திரும்பியது. காவல் படகின் கூரை. அதில் இருந்தவர் இவர்கள் உதவி கேட்கிறார்களோ என்று நினைத்துக் கையை உயர்த்திக் காட்டினார். மகள் வேண்டாம் என்று கை அசைத்தாள். இப்போது அம்மா கத்துவாள், இல்லாவிட்டால் ஒன்றும் பேசாமல் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயில் ஏரி நுழைந்தது. இருமி முடித்து, முகத்தை வழித்துக்கொண்டாள்.

"படகு எங்க போனாலும் நானும் பின்னாடியே போயிருப்பேன் போல," என்றாள். பிறகு மகளை ஒரு கணம் பார்த்தாள். "சரி. நீ ஓட்டு. நான் பின்னாடி வரேன்."

மகள் அம்மாவின் வாயிலிருந்து கேட்டிராத சொல் அது. காரில் போனாலும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிப்பவள் அவள். மகள் கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் பாதத்தில் ஒரு விரல் தொட்டது. பின்னால் இருக்கிறேன் என்று அர்த்தம்.

வழி தவறியதில் தூரம் கூடியிருந்தது. எதிர்க்காற்று வேறு கிளம்பி, சின்னச் சின்ன அலைகளாக முகத்தில் அறைந்தது. மகளின் தோள்கள் தீயாக எரிந்தன. ஆனால் அவளுக்குப் பயம் இல்லை. தலையைத் தூக்குவாள், தொட்டியைப் பார்ப்பாள், மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைப்பாள். இந்த வழி சரி என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்தவள் தான் ஒருத்தி மட்டுமே என்பதும் தெரியும். லேபில் யாருக்கும் காட்டாமல் தானே நிறம் பார்த்து, இதுதான் என்று முடிவு செய்வாளே, அந்த நிதானம் அவள் கைகளில் வந்து உட்கார்ந்தது. கை தளர்ந்து வேகம் குறைந்தபோது அம்மா முன்னால் போகவில்லை. பக்கத்தில் வந்து, தன் வீச்சை மகளின் வீச்சோடு பொருத்திக்கொண்டாள். நிற்காத அந்தப் பழைய ஓட்டம். மகள் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காலில் மணல் தட்டியபோது இருவராலும் உடனே எழுந்து நிற்க முடியவில்லை. கையைக் கோத்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, புதிதாக நடக்கக் கற்றவர்கள்போலக் கரையேறினார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே உடை மாற்றிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து வந்த அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. காற்றில் தூசி என்றார். பிறகு, கரையிலிருந்து பார்த்தால் ஒரு ஜோடி மட்டும் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதுபோலத் தெரிந்தது, யார் அது என்று விசாரித்தார்.

அம்மா தோளில் துணியைப் போர்த்திக்கொண்டு, மகள் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான்தான் தப்பாப் போனேன். இவதான் கொண்டுவந்து சேர்த்தா."

அதை அப்பாவிடம் சொன்னாள். பந்தலில் தண்ணீர் பாட்டில் நீட்டிய பெண்ணிடம் சொன்னாள். விசிலுக்குப் போன் போட்டும் சொன்னாள். மகளுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. சூடான பானத்தை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். அகலம் முடிந்துவிட்டது. நீளவாட்டில் அது மலையடி வரை போனது.

"அம்மா, நீளத்துக்கும் ஒரு போட்டி இருக்காம்," என்றாள்.

"விசாரிச்சுட்டேன்," என்றாள் அம்மா. "அடுத்த வருஷத்துக்கு இப்பவே பேர் குடுக்கலாமாம். நீ குடிச்சு முடி, போய்க் குடுத்துட்டு வரலாம்."