பேர் போட்ட கேரவன்

எங்கள் ஊரில் மங்கலாக எரிகிற டியூப்லைட்டைப் பார்த்தால், யாரோ உபயமாகக் கொடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர் எல்லாவற்றையும் சிவப்புப் பெயிண்டில் அதன்மேலேயே எழுதிவிட்டால் வெளிச்சம் எந்த வழியாக வரும்? தில்லைநாயகம் அண்ணாச்சி தெருப் பிள்ளையாருக்கு வாங்கிக் கொடுத்த லைட் அப்படிப்பட்டது. என் வீட்டுக்காரர் சாம்ராஜ் எங்கள் சர்ச்சுக்குக் கொடுத்தது ஃபேன். மூன்று றெக்கையிலும் அவர் பெயர் இருக்கிறது. வேகமாக ஓடினால் பெயர் தெரியவில்லை என்று, அதை ஒண்ணாம் நம்பருக்கு மேல் வைக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார். மே மாத ஆராதனையில் சபையே வேர்த்து வடிகிறது.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேரவன் செய்தார்கள்.

சாம்ராஜுக்கு ஹார்டுவேர் கடை, அண்ணாச்சிக்கு விசைத்தறி. கடை மூடும் நேரத்தில் இருவரும் ஒரே போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வீடியோ பார்ப்பார்கள். வெள்ளைக்காரன் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிற வீடியோ. "நமக்கு என்னவே குறைச்சல்?" என்றார் அண்ணாச்சி. மேலநீலிதநல்லூரில் அவர் வயலில் ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், தகரச் சுவர் எழுப்பி, ஜன்னல் வெட்டி, உள்ளே படுக்கை அடித்து, அண்ணாச்சி தறியில் நெய்த துண்டுகளையே திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்கள்.

வேலை முடிந்த அன்று சாம்ராஜ் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏட்டி ஏஞ்சலு, உள்ள வந்து பாரு. ஒனக்குத்தான் பெரிய சர்ப்ரைஸ்."

பார்த்தேன். கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, மிக்ஸி, அலமாரித் தட்டு நிறைய டப்பாக்கள்.

"இனிமே எங்க போனாலும் ஒன் கிச்சன் ஒன்கூடயே வரும்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டினார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஏதாவது ஒரு மலையில், வேறு யாரோ போட்ட டீயை, உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்த கிளாஸை நான் கழுவக் கூடாது. வேளாங்கண்ணிக்குப் போனபோது ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போனோம், குற்றாலத்துக்குப் போனபோது குக்கரைத் தூக்கிக்கொண்டு போனோம். அண்ணாச்சி சம்சாரம் சண்முகசுந்தரி அக்காவின் கதையும் இதேதான். அவளும் நானும் பேச ஆரம்பித்தால் அந்த டீயில்தான் போய் முடியும்.

அடுத்து பெயிண்டர் வந்தார். யார் பெயர் முதலில் என்று நண்பர்கள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இடது பக்கம் 'உபயம்: சாம்ராஜ், தில்லைநாயகம்' என்றும், வலது பக்கம் அதையே திருப்பிப் போட்டும் எழுதுவது என்று சமாதானம் ஆனது. பின்பக்கமும் காலி இல்லை. அடுப்பில் பெயர், வாளியில் பெயர். டப்பாக்களில் ஒன்றுவிடாமல் சாம்ராஜ் பெயர்.

"ஏங்க, டப்பாவுல சீனி, டீத்தூள்னு எழுதச் சொல்லலாம்லா?" என்று கேட்டேன்.

"அது ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

சுந்தரி அக்கா, "எங்க பேரை ஒரு ஓரத்துலயாவது போடக் கூடாதா?" என்று கேட்டாள். அண்ணாச்சி சிரித்தார். "நீங்க வேற, நாங்க வேறயா?"

லாரி ஸ்டாண்டில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டோம். புளியரை வழியாக ஆரியங்காவு, அப்புறம் தென்மலை என்று திட்டம். எங்கள் பொலேரோவின் பின்னால் கேரவன் கடகடவென்று வந்தது. ஆண்கள் இருவரும் முன் சீட்டில். நாங்கள் பின் சீட்டில், மடியில் முட்டைத் தட்டோடு. கேரவனில் வைத்தால் முட்டை உடைந்துவிடுமாம். சுரண்டையில் ஒருவர் எங்கள் வண்டியை மேலும் கீழும் வாசித்துவிட்டு, "என்ன சின்னம் அண்ணாச்சி?" என்று கேட்டார். சாம்ராஜுக்கு அதிலும் பெருமைதான். கையெடுத்துக் கும்பிட்டார்.

தென்காசி தாண்டியதும் அண்ணாச்சிக்குக் காபி குடிக்க வேண்டும்போல் இருந்தது. நல்ல டீக்கடை ஒன்றின் வாசலிலேயே வண்டியை நிறுத்தினார்கள். நானும் அக்காவும் ஆசையோடு கடையைப் பார்த்தோம்.

"கையில கிச்சனை வச்சிக்கிட்டு கடையில போயி குடிப்பாங்களா?" என்றார் சாம்ராஜ்.

டீக்கடை வாசலில் நின்ற கேரவனுக்குள் தகரச் சூட்டில் வெந்துகொண்டே இரண்டு பேரும் காபி போட்டோம். கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பால் பாத்திரத்தை அப்படியே கவிழ்த்திருப்பேன். அடக்கிக்கொண்டேன்.

புளியரை செக்போஸ்டில் கை காட்டி நிறுத்தினார்கள். எதிரே மலை, அதன் தலையில் மேகம். ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்து கேரவனைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு நம்பர் பிளேட்டு எங்க?"

"எடம் பத்தல சார்" என்றார் அண்ணாச்சி.

"மேல போற வளைவுல இது திரும்பாது. விட முடியாது. கழட்டி ஓரமா போடுங்க. காரு போலாம். ஆனா பொறுப்பான ஆளு யாராவது இதுகூடயே நிக்கணும்."

கேரவனைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு அண்ணாச்சி ஊருக்குப் போன் போட்டார். இழுத்துக்கொண்டு போக டிராக்டர் வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். நண்பர்கள் இருவரும் தள்ளிப்போய் நின்று குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள்.

"ஏட்டி, நீங்க ரெண்டு பேரும் இங்கன இருங்க" என்றார் சாம்ராஜ். "படுக்கை இருக்கு, அடுப்பு இருக்கு. மத்தியானத்துக்கு ஒரு சாம்பார் மட்டும் வச்சிருங்க. நாங்க தென்மலை வரைக்கும் போயி பாத்துட்டு வந்திருதோம்."

"பொம்பளயளுக்கு மலையில வாந்தி வரும்" என்று அண்ணாச்சி அக்கறையோடு சேர்த்துக்கொண்டார்.

சுந்தரி அக்கா என் கையைப் பிடித்தாள். நான் போலீஸ்காரரிடம் போனேன்.

"சார், பொறுப்பான ஆளுன்னா யாரு? வண்டிக்குச் சொந்தக்காரங்களா?"

"ஆமாம்மா."

"அது யாருன்னு நீங்களே வாசிச்சுப் பாருங்க சார்."

அவர் சத்தமாகவே வாசித்தார். இடது பக்கம் சாம்ராஜ், தில்லைநாயகம். வலது பக்கம் தில்லைநாயகம், சாம்ராஜ். உள்ளே எட்டிப் பார்த்து வாளியையும் அடுப்பையும் வாசித்தார். வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"ஒங்க பேரு என்னம்மா?"

"ஏஞ்சல் சார். அவங்க சண்முகசுந்தரி."

இன்னொரு முறை சுற்றி வந்தார். "இல்லியே."

"எங்கயும் இல்ல சார்."

அவர் சாம்ராஜ் பக்கம் திரும்பினார். "அப்ப இது ஒங்க வண்டிதான?"

இத்தனை பேர் முன்னால் தன் பெயரை இல்லையென்று சொல்ல எங்கள் ஊரில் எந்த ஆம்பிளைக்கு மனசு வரும்? "நம்ம வண்டிதான் சார். நானும் அண்ணாச்சியும் செஞ்சது" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்ப ரெண்டு பேரும் இதுகூடயே நில்லுங்க. அம்மா, நீங்க போலாம்."

சாவி பொலேரோவிலேயே இருந்தது. சுந்தரி அக்கா அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடைக்குக் குழாய் லோடு ஏற்ற ஆள் வராத நாளெல்லாம் திருநெல்வேலி வரைக்கும் குட்டியானை ஓட்டியவள் நான். முட்டைத் தட்டைச் சாம்ராஜ் கையில் கொடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். "ஏட்டி... ஏட்டி..." என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

வளைவில் ஏறும்போது பயமாகத்தான் இருந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏட்டி, மேகம்! மேகம்!" என்று சின்னப்பிள்ளை போலக் கத்தினாள். அவளுக்கு வாந்தி வரவே இல்லை.

ஆரியங்காவில் ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர் இரண்டு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார். பால் கம்மி, சீனி ஜாஸ்தி. நான் இதைவிட நன்றாகவே போடுவேன். ஆனாலும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடித்த கிளாஸ்களை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

போன் அடித்தது. சாம்ராஜ்தான்.

"ஏட்டி, டீத்தூள் எந்த டப்பாவுல இருக்கு?"

"எழுதியிருக்கும், பாருங்க."

"எல்லாத்துலயும் எம் பேருல்லா எழுதியிருக்கு! ஒண்ணுல மஞ்சப்பொடி இருக்கு, இன்னொண்ணுல என்னமோ இருக்கு..."

"அது ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

சுந்தரி அக்கா இன்னும் இரண்டு டீ சொன்னாள்.