வைஃபை இல்லாத லப்டொப்

1

இந்தக் கதையை நான் கேட்காமல் எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மன்னார் பட்டினத்தில் பாஹிமின் கணினிக் கடைக்கு நான் போனது எனக்கொரு மடிக்கணினி வாங்க. பழையதைக் கடல்காற்று தின்றுவிட்டது. பள்ளிமுனையில் வீடு, யன்னலைத் திறந்தால் உப்பு, மூடினால் வேர்வை. பாஹிம் யார் வந்தாலும் எடுத்தவுடன் விலை சொல்லமாட்டார். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்குவார்.

"ரீச்சர், என்ன தேவைக்கு எண்டு முதல் சொல்லுங்கோ. வடிவைப் பாத்து எடுக்கிற சாமான் இல்லை இது."

"எழுதத்தான்."

"எழுத மட்டுமோ?" அவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. "அப்பிடியெண்டால் உங்களுக்குப் பெரிசா ஒண்டும் தேவையில்லை."

இத்தனை காலம் எழுதியவளைப் பற்றி இதைவிடப் பச்சையாக எந்த விமர்சகரும் சொன்னதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தபோது ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். புதிய லப்டொப் ஒன்றை மேசையில் வைத்தாள். வைத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வைஃபை இல்லாத ஒண்டு இருக்கோ?"

பாஹிம் சிரித்துவிட்டார். "என்ன தங்கச்சி, அண்டைக்குத்தானே பற்றரி நல்லா நிக்கவேணும் எண்டு பாத்துப் பாத்து எடுத்தனீங்கள்?"

"பற்றரி நல்லம். வைஃபைதான் வேண்டாம்."

"அப்பிடி ஒருத்தரும் இப்ப செய்யிறேல்லை. உள்ளுக்கு ஒரு சின்னக் கார்ட் இருக்கு. அதைக் கழட்டினால் வைஃபை எடுக்காது. கழட்டவா?"

அவள் தெருவைப் பார்த்தாள், லப்டொப்பைப் பார்த்தாள். பிறகு, "கழட்டுங்கோ" என்றாள்.

பெருவிரல் நகமளவு கார்ட். பாஹிம் அதைக் கழற்றித் தனியே வைத்துக்கொண்டார், அவள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் ஒன்றும் வாங்காமல் வந்தேன். எனக்கு எதையும் ஒரே நாளில் முடிவெடுத்துப் பழக்கமில்லை. சில நாள் கழித்து மறுபடி போய் இருந்தபோது அவளும் மறுபடி வந்தாள். அதே லப்டொப்பை மேசையில் வைத்தாள்.

"இப்ப என்ன பிழை, தங்கச்சி?"

"பிழை ஒண்டுமில்லை. என்ரை தேவை முடிஞ்சுது."

காசைப் பற்றிப் பேசக்கூட நிற்கவில்லை, போய்விட்டாள். பாஹிம் அதை என் பக்கம் தள்ளினார். "எழுதிற ஆளுக்கு இதைவிட வேறை என்ன வேணும், ரீச்சர்? பேஸ்புக்கும் பாக்கேலாது." கழற்றிய கார்டையும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தந்தார்.

அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை சொன்னது நடந்தது. இனி வருவது என் கற்பனை. இந்தப் பிரிப்பை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

2

தொடக்கங்கள்:

கடல் அன்று பாலைப் போலக் கிடந்தது. கரையில் ஒரு பெண்

[நிறுத்தினேன். கடல் பாலைப் போலக் கிடந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.]

அறிவியல் வளர்ச்சியால் மனித உறவுகளுக்கு ஏற்படும்

[இது பாடசாலைக் கட்டுரை. பழக்கதோஷம்.]

மகன் நாள் முழுக்க லப்டொப்பில் விளையாடுகிறான் என்று எரிச்சலடைந்த ஒரு தாய்

[இதில் இரண்டு பக்கம் ஓடினேன். சரிவரவில்லை. மேசையிலிருந்து இழுத்துக்கொண்ட அந்தக் கைதான் காரணம். கோபம் வந்தவள் சாமானைத் தொம்மென்று வைப்பாள். அது பயந்தவளின் கை.]

ஆகவே கையிலிருந்து தொடங்கினேன். அவளுக்கு டிலக்சனா என்று பெயர் வைத்தேன். உண்மையான பெயரைப் பாஹிமிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஊரும் நானாகக் கொடுத்ததுதான்: பேசாலை.

3

டிலக்சனாவின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய ஒழுங்கையில். வீட்டில் மூன்று பேர்: அம்மா றோசம்மா, தம்பி பிரசாந்தன், அவள். தம்பி கடலுக்குப் போவான். அவள் மன்னாரில் உள்ள ஸ்டூடியோ ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கல்யாண அல்பம் செய்து கொடுப்பாள். வீட்டுக்கென்று இன்டர்நெட் கிடையாது. தம்பி தன் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டால் அவள் லப்டொப்பில் எடுத்துக்கொள்வாள். ஒருநாள் கேட்காமல் எடுத்து அவனுடைய டேட்டா முழுவதையும் முடித்துவிட்டாள். அன்றைக்கே அவன் ஹொட்ஸ்பொட்டுக்குப் பெயர் மாற்றினான்: 'கேட்டிட்டு எடு'. அதோடு விடவில்லை, பாஸ்வேர்டையும் தினம் தினம் மாற்றத் தொடங்கினான்.

பின்னேரமானால் அவள் அறைக்குள் இருந்து குரல் கொடுப்பாள்.

"டேய், இண்டைக்கு என்ன பாஸ்வேர்ட்?"

முற்றத்தில் வலை கிடக்கும் பக்கமிருந்து அவன் கத்துவான். "அக்காக்கு விசர்! இடைவெளி விடாமல் சேர்த்து அடி!"

மறுநாள் பாஸ்வேர்ட் 'கோழிக்கறி வேணும்'. அதற்கு மறுநாள் இங்கே எழுத முடியாத ஒன்று. றோசம்மா குசினிக்குள் இருந்து இருவரையும் ஏசுவாள், ஏசிக்கொண்டே சிரிப்பாள்.

வாடைக்காற்றுக் காலத்தில் ஒருநாள் கடலுக்குத் தனியே போன பிரசாந்தன் திரும்பவில்லை. வள்ளம் கடல் நடுவே ஒரு மணல்தீடையில் ஒதுங்கிக் கிடந்தது. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது. அவன் இல்லை, அவனுடைய போனும் இல்லை.

[இந்த இடத்தில் அழுகையை ஒரு பக்கத்துக்கு எழுதி அழித்துவிட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.]

வருடம் ஒன்று கடந்தும் றோசம்மா மகனின் ஆன்மாவுக்குப் பூசை கொடுக்கவில்லை. பங்குச் சுவாமியார் வந்து பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

"சுவாமி, உடம்பைக் காணாமல் என்னெண்டு குடுக்கிறது? உயிரோடை இருக்கிற பிள்ளைக்குச் செத்தவைக்குக் குடுக்கிற பூசையைக் குடுத்தால் அது என்ரை பாவமெல்லோ?"

மகனுடைய நம்பர் வெட்டுப்பட்டுவிடக் கூடாதென்று மாதாமாதம் அதற்கு ரீலோட் போட்டாள். கடையில் நம்பரைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகவே இருக்கும். அதுதான் டிலக்சனாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. இருக்கிறான் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றை அம்மாவிடம் அடித்துச் சொல்ல யாராவது வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

4

அவளுடைய பழைய லப்டொப்புக்குப் பற்றரி செத்திருந்தது. வயரில் கிடந்தால் வேலை செய்யும், கரண்ட் போனால் கறுத்துவிடும். அதனால்தான் புதிது வாங்கப் போனாள். பாஹிம் வழக்கம்போல விசாரித்தார்.

"அல்பம் செய்யிறதெண்டால் திரையிலை நிறம் சரியாத் தெரியவேணும். ராம் கூட வேணும். பாரம் பிரச்சினையில்லை, வீட்டிலைதானே வேலை. உங்கட பக்கம் கரண்ட் எப்பிடி?"

"காத்தடிச்சால் போயிடும்."

"அப்ப முதல் பாக்கவேண்டியது பற்றரி."

அவர் ஒரு பிழையும் விடவில்லை. அவளுடைய தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற லப்டொப் அது. பழையபடி பற்றரி செத்த ஒன்றையே வாங்கியிருந்தால் இந்தக் கதை நடந்திராது.

காற்றடித்தது, கரண்ட் போனது. வெளியே நல்ல வெயில். ஒழுங்கையில் உள்ள வீடுகளின் ரூட்டரெல்லாம் ஒன்றாக அணைந்துவிட்டன. அவளுடைய திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் போய்விட்டதா பார்ப்போம் என்று சும்மா வைஃபை பட்டியலைத் திறந்தாள்.

ஒரு பெயர் இருந்தது. கேட்டிட்டு எடு.

கோடுகள் நிறைந்திருந்தன. கீழே பாஸ்வேர்ட் கேட்டது.*

(* போனின் ஹொட்ஸ்பொட் கூப்பிடு தூரத்துக்கு மேல் எட்டாது என்று பாஹிம் சொல்கிறார். அதாவது, திரையில் பெயர் தெரிந்தால் போன் இருக்கும் இடத்துக்கு உங்கள் குரல் கேட்கும்.)

5

வாசகர் குறுக்கே வருவது எனக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டில் யாரோ பகிடிக்கு அந்தப் பெயரை வைத்திருக்கலாமே? வைத்திருக்கலாம். டிலக்சனாவும் அப்படித்தான் நினைத்தாள், நினைத்து ஆறுதலும் பட்டாள். ஆறுதலோடு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். போன் இருக்கும் பக்கம் போனால் கோடுகள் நிறையும், விலகினால் குறையும். குறையும் பக்கத்தை விட்டுவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம்.

குசினியில் கோடுகள் நிறைந்திருந்தன. கிணற்றடியிலும் நிறைந்திருந்தன. ஒழுங்கையின் முடிவுக்குப் போனாள், கோயில் மதிலைத் தாண்டினாள், கடற்கரை மணலில் இறங்கினாள். ஒரு கோடும் குறையவில்லை. அவள் நடந்தால் அதுவும் கூடவே நடந்தது.

அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

[திரும்பிப் பார்க்க வைக்கப் பலமுறை எழுதிப் பார்த்தேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை.]

வீட்டுக்கு வந்தபோது றோசம்மா வாசலில் நின்றாள். "என்னடி, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுத்துறாய்?"

"சும்மா, அம்மா."

"முகம் ஏன் வெளிறிக் கிடக்கு?"

"வெயில்."

செய்யவேண்டியது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். அறைக்குள் இருந்து, முன்பு கேட்டதுபோலவே இன்றைய பாஸ்வேர்டைக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தம்பி இல்லை. அதைத் தன் வாயால் அம்மாவிடம் சொல்ல வேண்டும், ரீலோட்டை நிறுத்த வேண்டும், பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். பதில் வந்தால்? வலை கிடந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. அங்கிருந்து வரும் குரலை என்ன செய்வது?

எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாதவள் செய்யக்கூடியதைச் செய்தாள்: பாஹிமின் கடைக்கு வந்து வைஃபை இல்லாத ஒன்றைக் கேட்டாள். கார்டைக் கழற்றிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அடுத்த முறை கரண்ட் போனது. கார்ட் இல்லாத லப்டொப்பில் பெயர் இருந்தது.

6

முடிவுகள்:

(அ) அவள் கேட்கிறாள். காற்று மட்டும் அடிக்கிறது. குசினிக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்கிறாள். ஞாயிறன்று கோயிலில் பிரசாந்தனின் பெயர் வாசிக்கப்படுகிறது. இதை எழுதி முடித்து நானே கொஞ்சம் அழுதேன். ஆனால் அப்படியென்றால் நல்ல லப்டொப்பை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்? அல்பம் செய்யலாமே.

(ஆ) அவள் கேட்கிறாள். வலை கிடந்த பக்கமிருந்து,

"

[மேற்கோள் குறியைத் திறந்தேன். உள்ளே எழுத விரல் போகவில்லை. மூடவும் தைரியமில்லை.]

(இ) அவள் கேட்கவேயில்லை. பயத்தில் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இது நம்பக்கூடியது. ஆனால் பயந்து ஓடுகிறவள் "தேவை முடிஞ்சுது" என்று அவ்வளவு அமைதியாகச் சொல்வாளா? அந்தக் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது. இரண்டாம் முறை லப்டொப்பை மேசையில் வைத்தபோது அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெல்லத் தடவிவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அவள் கேட்டிருக்கிறாள். என்ன கிடைத்தது என்பதைத்தான்

7

கரண்ட் போய்விட்டது. மேலே உள்ள வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.

பள்ளிமுனை முழுக்க அணைந்துவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்துக் கடையின் ஃப்ரிட்ஜ் சத்தமும் நின்றுவிட்டது. வெளியே வெயில். மதிலோரம் இரண்டு கழுதைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பாஹிம் சொன்னது சரி, பற்றரி நன்றாக நிற்கிறது.

திரையின் மூலையில், வாங்கிய நாளிலிருந்து ஒன்றுமில்லாமல் இருந்த இடத்தில், வைஃபை அடையாளம் எரிகிறது. கார்ட் என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் பைக்குள் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

பட்டியலைத் திறந்தேன். ஒரு பெயர்.

ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேனே, இதற்குத்தான். அந்தப் பெயரை அந்தப் பெண் என்னிடம் சொல்லவில்லை. பாஹிம் சொல்லவில்லை. மூன்றாம் பகுதியில் தம்பியின் ஹொட்ஸ்பொட்டுக்கு நான் கற்பனையில் வைத்த பெயர் அது. இப்போது அது திரையில் இருந்துகொண்டு, கோடுகள் நிறைந்து, என்னிடம் பாஸ்வேர்ட் கேட்கிறது. பயமாக இருக்கிறது. அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை, பயமாக இருக்கிறது.

எனக்குத் தம்பி இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உள்ளவள் லப்டொப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கதையைத்தான் கேட்காமல் எடுத்தேன், இந்தக் கேள்வியையும் எடுக்க மாட்டேன். ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் அறைக்குள் இருந்து தம்பியிடம் கேட்கும் வரியை மூன்றாம் பகுதியில் எழுதிவிட்டேன். நீங்கள் அதை வாசித்தும்விட்டீர்கள். மனதுக்குள் வாசித்திருந்தால் ஒன்றுமில்லை. வாய்விட்டு வாசித்திருந்தால், கேட்டவர் நீங்கள்.

கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஒரு சத்தமும் இல்லையென்றால், பேசாலையில் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு தாய் இந்த மாதமும் ரீலோட் போடப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் போய், இனிப் பூசை கொடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

சத்தம் வந்தால், பாஸ்வேர்டை எனக்குச் சொல்ல வேண்டாம்.