கம்போடியா போய்வந்த காது

சுடலையம்மாள் தன் மூத்த மகளின் கல்யாணத்திலிருந்து பேச்சை ஆரம்பித்தபோதே ஏட்டு சுயம்புலிங்கத்துக்குத் தலை வலித்தது. உள்ளே லாக்கப்பில் இருப்பது அவளுடைய இளைய மகன் இருளப்பசாமி. சுந்தரபாண்டியத்தில் ஒரு தோட்டத்துப் பம்ப்செட் மோட்டார் முந்தாநாள் களவு போயிருந்தது. அன்று விடியற்காலையில் சாக்கில் சுற்றிய கனத்த சுமை ஒன்றை அவன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். சாக்கில் என்னவென்று கேட்டதற்குப் பயல் வாயைத் திறக்கவில்லை. ஏட்டு கன்னத்தில் ஒன்று வைத்தும் பார்த்துவிட்டார். மடியில் கனமில்லாதவன் எதற்காக வாயை மூடிக்கொள்ளப் போகிறான் என்பது அவர் கட்சி.

"இந்தாம்மா, விசயத்துக்கு வா. மோட்டாரை எங்க வச்சிருக்கான்?"

"அதத்தான சாமி சொல்ல வாரேன். மூத்தவளப் பிளவக்கல்லுல குடுத்தமா..."

திங்கட்கிழமை பையன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர வேண்டும். கேஸ் எழுதிவிட்டால் எந்த மில் உள்ளே விடும்? அந்தப் பயம் அவள் கண்ணில் நன்றாகவே தெரிந்தது. வாய்தான் கல்யாணப் பந்தலை விட்டு நகரவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். உறவுமுறை எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல் விஷயத்துக்கு வந்தால் மரியாதைக் குறைவென்று நினைப்பார்கள்.

"அவ பேசட்டும் ஏட்டய்யா" என்றார் எஸ்.ஐ. பொன்னுராஜ். ஸ்டூலை இழுத்து அவளை உட்காரவும் வைத்தார்.

கம்போடியா போவதற்கு முன்னால் இந்த மனிதர் இப்படியில்லை. லத்திதான் பேசும், அவர் பேசமாட்டார். ஐ.நா. சபை போலீஸில் இருந்துவிட்டுப் போன வருஷம் திரும்பினார். வந்த வாரமே பழக்கதோஷத்தில் ஜீப்பை ரோட்டின் வலது பக்கம் ஓட்டி, எதிரே வந்த பஸ் டிரைவரிடம் ஏச்சு வாங்கினார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஏட்டுக்கு இந்த ஸ்டூல் சமாச்சாரம்தான் எரிச்சல். ஏன் இப்படி மாறினீர்கள் என்று ஒருநாள் எஸ்.ஐ.யிடம் கேட்டும் விட்டார்.

"அங்க துப்பாக்கி கிடையாது, லத்தி கிடையாது, பாஷையும் தெரியாது. காது ஒண்ணுதான் இருந்துச்சு ஏட்டய்யா. ஒரு அம்மா வந்து அழுது அழுது பேசுனா. மொழிபெயர்க்கிற பையன், 'மாட்டைக் காணோமாம்'னு ஒரே வரியில முடிச்சுட்டான். மிச்சப் பேச்சு எங்கன்னு கேட்டேன். அந்த மிச்சத்துலதான் மாடு இருந்துச்சு."

கதை நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்து அவர் கொண்டுவந்து கொடுத்த கட்டம் போட்ட துண்டும் நன்றாக இருந்தது. அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏட்டு சுவரில் சாய்ந்தார். பேசட்டும், இருட்டும்வரை பேசட்டும்.

அவளும் பேசினாள். மகளின் மாமியாரை ஏசினாள், பேரனுக்கு வந்த மாந்தத்தைச் சொன்னாள்.

"இப்பம் மகளத் தனிக்குடித்தனம் வச்சுட்டாவ. பாவம், மாவாட்ட உரலு கூட இல்ல. முந்தாநா காலைலதான் எங்கிட்ட சும்மா கெடந்த ஆட்டுரலச் சின்னவன்கிட்ட குடுத்தனுப்புனேன். அக்காளுக்கு அம்புட்டு தூரம் கல்லச் சுமக்குத புள்ள களவாங்குமா சாமி?"

பொன்னுராஜ் மெல்ல முன்னால் குனிந்தார். "சாக்குல சுத்தியா அனுப்புன?"

"பொறவு? மூத்த மருமவ பாத்தா விடுவாளா? சாமானெல்லாம் மகளுக்கே போவுதுன்னு ஆடித் தீத்துருவா. மதினிகிட்ட மூச்சுக் காட்டப்படாதுலேன்னு எந்தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்புனேன்." சொன்ன பிறகுதான், இது மருமகள் காதுக்குப் போய்விடுமோ என்று அவளுக்குத் தோன்றியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லாக்கப்பிலிருந்து குரல் வந்தது. "எம்மா, நான் சொல்லலம்மா."

ஏட்டுக்கு அங்கே நிற்க முடியவில்லை. எஸ்.ஐ. அவரை ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தாலாவது தேவலை. "பிளவக்கல்லுக்கு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருங்க ஏட்டய்யா. பொறவு எழுதிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் போகும்போது உரல் அங்கே இருக்கக் கூடாது என்று ஒரு மனசும் இருந்துவிடட்டும் என்று ஒரு மனசும் மாறி மாறி அடித்துக்கொண்டன. மோட்டாரை எடுத்தவன் எவனோ, அவனை வேறு இனிமேல் தேட வேண்டும்.

உரல் இருந்தது. கூரைச் சாய்ப்புக்குக் கீழே, கழுவிய ஈரம் காயாமல். பக்கத்திலேயே சாக்கு மடித்துக் கிடந்தது. காக்கியைப் பார்த்ததும் மூத்தவள் வெள்ளத்தாய் பதறிப்போனாள். ஸ்டேஷனில் நடந்ததெல்லாம் அவளுக்கு இன்னும் எட்டவில்லை.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் தாயி."

"சுந்தரபாண்டியம் வழியாவா சார் வாரிய? எந் தம்பியப் பாத்தியளா? திங்கக்கெழம மில்லுக்குப் போறான்."

"பாத்தேன். நல்லாருக்கான்" என்றார் ஏட்டு. அந்தப் பொய் அவருக்குச் சுட்டது.

அவள் பாயை விரித்து, வேண்டாம் வேண்டாம் என்றபோதும் இரண்டு தோசையைத் தட்டில் வைத்தாள். தம்பி கொண்டுவந்த உரலில் ஆட்டிய முதல் மாவாம். ஏட்டு வலது கையைப் பார்த்தார். காலையில் அடித்ததும் அந்தக் கைதான். கழுவியும் ஒரு வாய் எடுக்கத் தயக்கமாக இருந்தது.

திரும்பிப் போகிற பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

"இந்த உரலு எங்க வீட்டுக்கு வந்தது பெரிய கத சார்" என்று வெள்ளத்தாய் எதிரே உட்கார்ந்தாள். "எங்க அம்மைக்குக் கல்யாணம் ஆவுறதுக்கு முன்னாடி, அவிய தாய்மாமன் ஒருத்தர் இருந்தாரு..."

சுயம்புலிங்கம் தொப்பியைக் கழற்றிப் பாயில் வைத்தார். கட்டம் போட்ட துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லு தாயி" என்றார்.