ஃப்ரீசரில் வைத்த குழாய்கள்

சாகிற செல் சும்மா சாகாது. சவ்வு கிழிந்து, உள்ளே இருக்கும் என்சைமை வெளியே உள்ள திரவத்தில் கொட்டிவிடும். அந்தத் திரவத்தில் சாயம் கலந்தால் சிவக்கும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு சாவு. மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் இப்படிச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை.

புதுத் தொகுதியோடு ஒப்பிட, போன வாரத்து மருந்தையும் நேற்று சோதனைத் தட்டின் குழிகளில் வளரும் செல்களில் விட்டிருந்தேன். இன்று காலை சாயம் கலந்தேன். புதியது வெளிறியே இருந்தது. பழையது விட்ட குழிகள் அத்தனையும் சிவந்தன. அந்த மருந்தைப் 'பாதுகாப்பானது' என்று எழுதி அனுப்பியவள் நான். இன்று என் அக்காவுக்கு ஏற்றுவது அதைத்தான்.

"மேடம், கொஞ்சம் வாங்களேன்."

ஆய்வகத் தலைவி தட்டைப் பார்த்தார். "போன தடவை எப்ப அளந்த?"

"திங்கட்கிழமை."

"திரவம் எடுத்தது?"

"வெள்ளிக்கிழமை."

"நடுவுல எங்க இருந்துச்சு?"

"ஃப்ரீசர்ல."

உறையவைத்தால் இந்த என்சைம் செயலிழந்துவிடும், சாயம் சிவக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தந்த பாடம். வெள்ளிக்கிழமை, மருந்து ஏற்றுவதற்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட அக்காவைக் கூட்டிப்போகும் அவசரத்தில், திரவக் குழாய்களை அளக்காமலே ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஓடினேன். சும்மாவா இங்கே எல்லாரும் என்னை அவசரக்குடுக்கை என்கிறார்கள்? சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கச் சோப்புக் கரைசல் விட்டு வேண்டுமென்றே கொன்ற செல்களின் திரவம்கூடத் திங்கட்கிழமை சிவக்கவில்லை. சாயம் பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"முதல்ல போன் பண்ணு. திட்டுறதை அப்புறம் வச்சுக்கறேன்," என்றார் மேடம்.

இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினேன். அக்காவே எடுத்தாள்.

"பாதி பாட்டில் ஏறிடுச்சுடி. என் தங்கச்சி டெஸ்ட் பண்ணின மருந்துன்னு நர்ஸ்கிட்ட பீத்திக்கிட்டேன். லேசா முதுகு வலிக்குது, அவ்வளவுதான்."

"அக்கா, நிறுத்தச் சொல்லு! போனை டாக்டர்கிட்ட குடு!"

டாக்டர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். ஏதோ உத்தரவு போட்டார். பிறகு, "நிறுத்தியாச்சும்மா. உடம்புல எவ்வளவு செல் செத்திருக்குன்னு தெரியணும். ரத்தம் எடுத்து அதே என்சைமைத்தான் பார்க்கப்போறோம். லேப்ல கூட்டமா இருக்கு, சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் பத்திரமா..."

"ஃப்ரீசர்ல வைக்காதீங்க டாக்டர்!" கத்தியே விட்டேன். "உங்க கால்ல விழறேன், வைக்காதீங்க!"

அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. "என் தங்கச்சி ஏன் டாக்டர் அழறா?"