ஈரக் கைக்குத் திறக்காத டேப்

மேடவாக்கத்தில் வீட்டுக்கே மீன் அனுப்பும் கடை வைத்திருந்த வினோத்குமார், ஆர்டரைக் கணக்கு வைக்க ஆளுக்கு ஒன்றாக நாலு டேப் வாங்குவதற்கு மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தான். பகலில் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஆராயாமல் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டான். எட்டு அங்குலமா, பத்து அங்குலமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், யாராவது சினிமா பார்த்தால் வீட்டிலிருந்தபடியே பூட்ட முடியுமா என்று யூட்யூபில் கடை விரித்திருக்கிற அத்தனை பேரிடமும் பாடம் கேட்டான். தன் கடையில் மீன் வெட்டுகிற மூன்று பெண்களை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லம்மா அரை நிமிஷத்தில் அவன் ஆராய்ச்சியை முடித்து அனுப்பியிருப்பாள்.

டேப் வந்த முதல் நாளே லட்சணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தொடங்கும்போது ஒரு தரம், முடிக்கும்போது ஒரு தரம் அதைத் தொட வேண்டும். ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் பூட்டிக்கொள்ளும். திறக்கக் கைரேகை கேட்கும். செதிலும் கொழகொழப்புமாக இருக்கிற விரலை வைத்தால் அது எப்படித் திறக்கும்? எல்லம்மாவின் விரலோ சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாலும் திறக்கவில்லை. முப்பது வருஷம் கத்தியும் ஐஸும் உப்பும் பட்டுத் தேய்ந்த ரேகை அது.

"இன்னாடி இது, நான் யாருன்னே தெரியாதுன்னுது!" என்று எல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கோவளம் குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். வஞ்சிரம், பாறை மாதிரிப் பெரிய மீன் வந்தால் அவளைத் தவிர வேறு யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

அந்தக் கடையில் காய்ந்த கை ஒன்றே ஒன்றுதான். எடை போட்டு, பாக்கெட் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டுகிற சரளாவின் கை. ராஜகீழ்ப்பாக்கத்தில் பள்ளிக்கூட கிளார்க்கின் மனைவி. மீனைச் சாப்பிடத்தான் தெரியும். "நீயே அமுக்கிடு சரளா" என்றாள் எல்லம்மா. சரளாவும் தன் டேப்பிலேயே எல்லாருடைய ஆர்டரையும் அமுக்கினாள். எல்லம்மாவோடு மீன் வெட்டுகிற ஜென்சியும் ஈவ்லினும் கை கழுவின சமயத்தில் எப்போதாவது தங்களுடையதைத் தொட்டார்கள். ஆர்டர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சரி என்றுதான் நினைத்தார்கள். அந்தச் சாமான் ஆர்டரோடு சேர்த்து ஆளையும் எண்ணுகிறது என்று வினோத்குமார் வாயைத் திறக்கவில்லை.

மாதக் கடைசியில் லேப்டாப்போடு வந்தான். அவன் எப்போதும் கடை கழுவிவிட்ட பிறகுதான் வருவான். யார் கையில் கத்தி இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நாலு பேரையும் நிற்க வைத்துப் படித்தான். சரளா, அறுநூற்றுப் பன்னிரண்டு. ஜென்சி, ஒன்பது. ஈவ்லின், ஏழு. எல்லம்மா, ஜீரோ.

"ஜீரோ! ஒரு மாசம் இங்க என்ன பண்ணீங்க? சும்மா நின்னீங்களா? டேட்டா பொய் சொல்லாதும்மா. நாளையிலேர்ந்து வர வேணாம்."

மூன்று பேர் சும்மா நிற்க, ஒருத்தியே அறுநூறு பேருக்கு மீனை வெட்டி, எடை போட்டு, பாக்கெட்டும் கட்டியிருப்பாளா என்று அந்தப் படித்த மண்டையில் உறைக்கவில்லை. சரளா வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அவள் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்கதான் நம்ம ஸ்டார்" என்று, அவள் பெயர் அச்சடித்த புது ஏப்ரனை நீட்டினான். திறந்த வாய் மூடிக்கொண்டது. எல்லம்மா அவளை ஒரே ஒரு தரம் பார்த்தாள். பிறகு கத்தியைக் கழுவி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் சரளாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வினோத்குமார் ஷ்யாம்சுந்தர் என்கிற கேமராக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தான். விளம்பர வீடியோவாம். பலகையில் முழு வஞ்சிரம் ஒன்றைக் கிடத்தி, "வெட்டுங்கக்கா, நேச்சுரலா இருங்க" என்றான்.

"எனக்கு மீன் வெட்டத் தெரியாது சார்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அந்த அறுநூத்திப் பன்னிரண்டும் நான் விரலால அமுக்கினது. வெட்டினது இவங்க ரெண்டு பேரும் எல்லம்மா அக்காவும். பாதிக்கு மேல அக்காதான்."

"அப்போ ஏன் யாருமே என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேட்டீங்களா? வர்றப்பல்லாம் டேப்ல சார்ஜ் இருக்கான்னு கேட்டீங்க. ஈரக் கையில இது வேலை செய்யுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு மனுஷியை எல்லார் முன்னாடியும் சும்மா நின்னவள்னு சொல்லி அனுப்பிட்டீங்களே!"

வினோத்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். கேமராவைப் பார்த்தான். "சரிக்கா, அதை அப்புறம் ஃபிக்ஸ் பண்ணிக்கலாம். ஆளு வெயிட்டிங். இப்போதைக்கு நீங்க கத்தியைப் பிடிச்சுக்கிட்டு சிரிங்க, போதும். க்ளோஸப்புக்கு ஜென்சி கையை எடுத்துக்கலாம்."

சரளா ஏப்ரனைக் கழற்றி அந்த வஞ்சிரத்தின் மேலேயே போட்டாள். ஜென்சி கத்தியைக் கீழே வைத்தாள். ஈவ்லினும் வைத்தாள்.

"மொதல்ல எல்லம்மா அக்காவுக்குப் போன் போடுங்க" என்றாள் சரளா.

"நம்பர் இல்ல. அன்னிக்கே அவங்க டீடெய்ல்ஸ் எல்லாம் அழிச்சிட்டேன்."

சரளாவே தன் போனில் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அவனிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் வினோத்குமார்."

"யாரு, மொதலாளியா? இன்னா, டேப்பு எதுனா காணோமா?"

"இல்லக்கா... அந்த ரிப்போர்ட் தப்பாயிடுச்சு."

"ரிப்போர்ட்டா தப்பு பண்ணுச்சு?"

வினோத்குமார் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். "நான்தான் தப்பு. நீங்க சும்மா நின்னீங்கன்னு சொன்னது தப்பு. வேலைக்கு வாங்கக்கா."

"எல்லாரும் கேட்டுகினு கீறாங்களா?"

"கேக்கறாங்க."

"சரி வுடு. நீ தெரியாம பேசினவன். சரளா கீறாளா அங்க?"

சரளா போனை வாங்கிக்கொண்டாள். "இருக்கேன்க்கா."

"அவன் படிச்சப்ப பக்கத்துலதானே நின்னுகினு இருந்தே. உனுக்குத் தெரியும்ல?"

அதுவரை வினோத்குமார் மேல் கொட்டிய கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது.

"தெரியும்க்கா. என் பேரு மொதல்ல வந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

எதிர்முனையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"வேலைக்கு நாளிக்கு வரேன்" என்றாள் எல்லம்மா. "உங்கூட பேசுறதுக்குத்தான் கொஞ்ச நாளாவும்."

போனை வைத்துவிட்டாள்.