ஆறு நாள் கல்

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. சிமென்ட்டும் ஜல்லித்தூளும் கலந்து அச்சில் போட்டுச் சுவர்க்கல் செய்தார்கள். கலவை தம்பியின் பொறுப்பு. அடித்த கல்லுக்குப் பதினான்கு நாள் தண்ணீர் ஊற்றி இறுக வைப்பது அக்காவின் பொறுப்பு.

மருத்துவமனை கட்டும் பெரிய கம்பெனி ஒன்று இவர்களிடம் கல் கேட்டபோது தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நாலு ஆட்களை எட்டாக்கினான். இன்னொரு இயந்திரமும் வந்தது.

இரண்டாம் மாதம் கம்பெனியின் எஞ்சினியர் பட்டறைக்கே வந்துவிட்டார். திறப்பு விழாவை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம்.

"இதோ அடுக்கி வச்சிருக்கீங்களே, இதை ஏத்துங்க."

"அது அடிச்சு ஆறு நாள்தான் சார் ஆகுது" என்றாள் அக்கா. "இன்னும் எட்டு நாள் தண்ணி குடிக்கணும்."

"கல்லு என்ன கைக்குழந்தையாம்மா? நாளைக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குறோம்."

"பாத்துக்குங்க."

பக்கத்தில் நின்ற தம்பி அடுக்கியிருந்த கற்களை எண்ணிப் பார்த்தான். மறுநாள் அவள் சிமென்ட் வாங்கப் போய்த் திரும்பியபோது, கல் அடுக்கியிருந்த இடத்தில் ஈரத் தரைதான் இருந்தது.

"எட்டுக் குடும்பம்க்கா" என்றான் தம்பி. "நீ வீராப்பா பேசிட்டுப் போயிடுவ. அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

மருத்துவமனைச் சுவரைக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு அவள் போன் செய்தாள். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இவர்கள் கல்லைத் தவிர வேறு கல்லைத் தொடாதவர் அவர்.

"கையில எடுத்ததுமே தெரிஞ்சிடுச்சும்மா. சொல்லிப் பாத்தேன். வேலையப் பாருய்யான்னுட்டாங்க."

உடனே கட்டடத்துக்கு ஓடினாள். வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டான். நாலாம் நாள், சுவர்மேல் பாரம் ஏறியதும் அடிவரிசைக் கற்கள் நொறுங்கின. பக்கத்தில் நின்ற மேஸ்திரியின் வலது கை மணிக்கட்டோடு நசுங்கிப்போனது.

கம்பெனி அலுவலகத்தில் விசாரணை நடந்தது. "சின்னத் தொழில் வளரட்டும்னு வாய்ப்புக் குடுத்தோம்" என்றார் எஞ்சினியர் வருத்தமான குரலில். "அதுக்கு இதான் பலன்."

"ஆறு நாள் கல்லை ஏத்தச் சொன்னதே இவர்தான்!"

"எழுத்துல இருக்காம்மா?" என்று கேட்டார் மேலாளர்.

"எழுத்து எதுக்கு? என் தம்பி கூடவே நின்னான். அவனைக் கேளுங்க."

உள்ளே வருவதற்கு முன் எஞ்சினியர் தம்பியின் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போயிருந்தார். சுற்றுச்சுவர் வேலைக்கு இன்னும் கல் வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சார் கேக்கலை. நாங்களாத்தான் அனுப்பிட்டோம்."

சுற்றுச்சுவருக்கு வெளியூர்த் தொழிற்சாலையிலிருந்து லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியது. தம்பி போன் செய்தால் எஞ்சினியர் எடுப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

அக்கா மேஸ்திரியைப் பார்க்கப் போனாள். கதவைப் பாதி திறந்தபடி அவர் மனைவி நின்றாள்.

"உங்க கல்லுதானே?"

எஞ்சினியரைச் சொல்லலாம். தம்பியைச் சொல்லலாம்.

"ஆமா. எங்க கல்லுதான்."

கதவு சாத்திக்கொண்டது.